தாது வருஷத்தை எந்தக் கிராஃபில் வரைவது?

முதலில் நான்கு எண்கள்: 19.67, 16.00, 19.63, 22.05. எல்லாம் லட்சக் கணக்கு. பழைய சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை இது. வரிசையாக 1871, 1881, 1891, 1901 கணக்கெடுப்புகளில் பதிவானது.

பக்கத்திலேயே இன்னொரு நான்கு: 17.56, 18.15, 21.63, 23.50. இது தென்னாற்காடு ஜில்லா, அதே நான்கு வருடங்கள். கள்ளக்குறிச்சி அன்றைக்குத் தென்னாற்காட்டின் மேற்குப் பக்கத்துத் தாலுகா. அதைத் தாண்டி மேற்கே போனால் சேலம் ஜில்லாவின் ஆத்தூர். இரண்டுக்கும் வடக்கே, இரண்டு ஜில்லாவிலும் கால் வைத்துக்கொண்டு நிற்பது கல்வராயன் மலை.

இந்த எட்டு எண்களை வைத்துக்கொண்டு சில வாரங்களாக விதவிதமாக கிராஃப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண் ஒன்றுதான். ஆனால் ஒரு படத்தில் பஞ்சம் கண்ணில் அறைகிறது, இன்னொன்றில் பஞ்சமே நடக்காத மாதிரி இருக்கிறது, மூன்றாவதில் சேலம் என்னவோ செழித்து வளர்ந்த ஜில்லா போலத் தெரிகிறது. பொய் எண் ஒன்றுகூட இல்லாமலேயே இது நடக்கிறது என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

ஒரு மலை எப்படி இரண்டு ஜில்லாவில் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் பக்கம் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனிக்கு வந்தது. தென்னாற்காடு 1801இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து வந்தது. இரண்டு வேறு அரசர்கள், இரண்டு வேறு உடன்படிக்கைகள். அந்தத் தையல் மலை மேலேயே ஓடியது. மலைக்கு உள்ளேயோ சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று ஜாகீர்தார்களின் ஆட்சி. அது முடிந்து அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது 1976இல்தான். 1876 இல்லை, 1976. எழுத்துப்பிழை என்று நினைத்துவிடாதீங்க.

சரி, எண்களுக்கு வருவோம். சேலத்தின் இரண்டாவது எண் ஏன் அப்படி விழுகிறது? அதுதான் தாது வருஷப் பஞ்சம். 1876இல் மழை பொய்த்தது. தாதுவில் ஆரம்பித்து அடுத்த ஈஸ்வர வருஷத்திலும் நீண்டது. 1877தான் மிக மோசமான காலம். 1871க்கும் 1881க்கும் நடுவில் சேலம் ஜில்லாவில் 3.67 லட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இது அத்தனையும் சாவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஊரை விட்டுப் போனவர்கள் இருப்பார்கள், பிறக்காமலே போன குழந்தைகளும் இருப்பார்கள். இன்னொரு பக்கம், பஞ்சத்துக்கு முந்தைய ஐந்து வருடத்தில் ஜனம் கூடியிருந்தால், உண்மையான பள்ளம் 3.67 லட்சத்தைவிட ஆழமானது.

இதைப் பட்டைப்படமாகப் போட்டால், அதாவது நம் பள்ளிக்கூடத்து 'பார் சார்ட்' போட்டால், நான்கு பட்டைகள் நிற்கும். இரண்டாவது கொஞ்சம் குட்டை. முதலாவதும் மூன்றாவதும் அச்சாக ஒரே உயரம். பார்க்கிறவருக்கு "ஏதோ ஒரு தடவை குறைஞ்சு, அப்புறம் சரியாயிடுச்சு" என்று தோன்றும். தப்பில்லாத படம், ஆனால் மந்தமான படம்.

'இது போதாது, அழுத்தமாகக் காட்டணும்' என்று ஒருவர் அடிக்கோட்டைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 15 லட்சத்திலிருந்து தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 1871 பட்டையின் உயரம் 4.67, 1881 பட்டையின் உயரம் 1.00. ஐந்தில் நான்கு பேர் மாண்டுபோன மாதிரி இருக்கும். பஞ்சத்தின் கொடுமையைச் சொல்வது நல்ல நோக்கம்தான். ஆனால் பட்டையைப் பார்க்கும் கண் அதன் நீளத்தைத்தான் அளக்கிறது. காலை வெட்டிய பட்டையின் நீளத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. பட்டை என்றால் பூஜ்யத்திலிருந்துதான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதைவிட நயமான ஏமாற்று ஒன்று இருக்கிறது. 1881 முதல் 1891 வரை எந்த ஜில்லா எத்தனை சதவீதம் வளர்ந்தது என்று பட்டை போடுங்க. தென்னாற்காடு 19 சதவீதம். சேலம் 23 சதவீதம்! சேலம்தான் முன்னணி. தரையில் விழுந்தவன் எழுந்து உட்கார்ந்ததை உயரம் தாண்டியதாகக் கணக்கு வைத்த கதை. வளர்ச்சி வீதப் பட்டைகளை இன்றைக்கும் செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோம். அப்போதெல்லாம் 'முந்தைய வருஷம் எப்படி இருந்தது?' என்று கேட்காமல் என்னால் நகர முடிவதில்லை.

பட்டைப்படம் பிறந்த கதையே இதற்குப் பொருத்தமாக இருக்கும். வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராக வேலை பார்த்தவர், 1786இல் லண்டனில் ஒரு வணிக அட்லஸ் வெளியிட்டார். அட்லஸ் என்று பெயர், உள்ளே ஒரு நிலப்படம்கூடக் கிடையாது. இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் காலத்தோடு ஏறி இறங்கும் கோடுகளாக வரைந்திருந்தார். நாற்பத்து நான்கு படங்களில் ஒன்றே ஒன்று மட்டும் வேறு மாதிரி. அது ஸ்காட்லாந்து பதினேழு இடங்களோடு செய்த வணிகம். அதற்கு அவரிடம் இருந்தது 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரையிலான ஒரே ஒரு வருடக் கணக்கு. ஒரு வருடத்தை வைத்துக் கோடு இழுக்க முடியாதே! எனவே நாடுகளின் பெயரைப் பக்கத்தில் வரிசையாக எழுதி, பெயருக்கு நேராகப் பட்டைகளை நீட்டினார். தன்னிடம் காலத்தொடர் இல்லாததால் வந்த படம் என்பதால் அவருக்கே அதில் பெரிய பெருமை இல்லை. இன்றைக்கு உலகத்தில் அதிகம் புழங்கும் கிராஃப் அதுவாகத்தான் இருக்கும்.

அதாவது, பக்கம் பக்கமாக நிற்கும் தனித்தனிப் பொருட்களை ஒப்பிடப் பட்டை. காலம் ஓடுகிறது என்றால் கோடு. இந்தப் பிரிவினை ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது.

அப்போ சேலத்துக்குக் கோடுதானே? ஆமாம். இரண்டு ஜில்லாவையும் ஒரே படத்தில் கோடாக இழுத்தால் சட்டென்று ஒன்று தெரிகிறது: இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்கின்றன. 1871இல் சேலம் இரண்டு லட்சம் பேர் மேலே இருந்தது. 1881இல் தென்னாற்காடு இரண்டு லட்சம் பேர் மேலே. அதற்குப் பிறகு 1901 வரை சேலம் அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கவே இல்லை. பட்டைப்படத்தில் 'சரியாயிடுச்சு' என்று தோன்றியது இங்கே சரியாகவில்லை என்று தெரிகிறது. எட்டுப் பட்டைகளை ஜோடி ஜோடியாக நிறுத்தினால் இந்த வெட்டு கண்ணில் படவே படாது, முயன்று தேட வேண்டும்.

இன்னொரு விதமும் உண்டு. இரண்டு ஜில்லாவின் 1871 எண்ணையும் 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு ஒப்பாகக் கணக்குப் போடுவது. சேலம்: 100, 81, 100, 112. தென்னாற்காடு: 100, 103, 123, 134. இரண்டும் ஒரே புள்ளியில் கிளம்பிப் பிரிந்து போகின்றன. எனக்கு இந்தப் படம்தான் பிடித்திருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருபது வருடத்தில் 23 சதவீதம் கூடியிருக்கிறது, அந்தப் பக்கம் இருபது வருடம் போன இடம் தெரியவில்லை. எத்தனை பேர் என்ற கேள்விக்கு முந்தைய படம், எவ்வளவு இழப்பு என்ற கேள்விக்கு இந்தப் படம்.

ஆனால் கோட்டிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1871 புள்ளியையும் 1881 புள்ளியையும் நேர்கோட்டால் சேர்த்தால், பத்து வருடமும் ஜனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து குறைந்ததாகப் படம் சொல்லும். நடந்தது அப்படியா? ஏறக்குறைய இரண்டே வருடத்தில் விழுந்தது. நடுவில் நமக்குக் கணக்கெடுப்பு கிடையாது. இல்லாத இடத்தில் கோடு தானாக ஒரு கதை கட்டிக்கொள்கிறது. கணினியில் கிராஃப் போடும் மென்பொருள்கள் இதை வளைவாகவும் மழமழவென்றும் வரைந்து தரும், அது இன்னும் மோசம். நான் செய்வது இது: நான்கு புள்ளிகளையும் நன்கு பெரிதாக வைக்கிறேன். 1871–81 துண்டை மட்டும் புள்ளிக்கோடாக விடுகிறேன். 1876 முதல் 1878 வரை ஒரு சாம்பல் நிறப் பட்டையைப் பின்னணியில் போட்டு, 'தாது, ஈஸ்வர' என்று எழுதிவிடுகிறேன். பார்க்கிறவர் மீதியைப் புரிந்துகொள்வார்.

அந்த இரண்டு வருடத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும் என்றால் பத்தாண்டுக் கணக்கு உதவாது, மாதாமாதச் சாவுப் பதிவு வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் கார்னிஷ். 1871 கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவரும் அவரேதான். 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கொஞ்சம் சில்லறைக் காசு என்று கூலியைக் குறைத்தார். மண் சுமக்கிற ஆளுக்கு இது போதாது என்று கார்னிஷ் எழுத்தில் சண்டை போட்டார். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை மாற்ற வேண்டி வந்தது. தான் எண்ணி முடித்த ஜனம் ஐந்தாறு வருடத்தில் கரைவதைப் பதிவேட்டில் பார்த்த மனிதர். அவர் எழுத்தில் கோபம் தெரிந்தால் ஆச்சரியமில்லை.

மாதாமாதச் சாவு என்றதும் கிராஃப் வரலாறு படித்தவர்களுக்கு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் ஞாபகம் வந்துவிடும். கிரிமியப் போரில் செத்த சிப்பாய்களைப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்து, பூவிதழ் போல வட்டமாக விரித்து 1858இல் அவர் வெளியிட்ட படம் ரொம்பப் பிரசித்தம். காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்கள் எத்தனை மடங்கு என்பது ஒரே பார்வையில் தெரியும். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் சென்னை மாகாணப் பஞ்சம் அவரை விடவில்லை. 1878இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இந்திய மக்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை இந்தப் பஞ்சத்தின் பின்னணியில் வந்ததுதான்.

அவர் பாணியில் 1877ஐயும் வட்டமாக வரையலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதழின் பரப்பளவை நம் கண் சரியாக அளக்காது. 1984இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் இதைச் சோதனை செய்தே பார்த்தார்கள். ஒரே அளவுகோலில் வைத்த புள்ளிகளை மனிதர்கள் மிகச் சரியாக ஒப்பிடுகிறார்கள். நீளம் அதற்கு அடுத்தது. கோணம், பரப்பளவு, நிறத்தின் அடர்த்தி என்று போகப் போகத் துல்லியம் குறைகிறது. நைட்டிங்கேல் மந்திரிகளை உலுக்க வரைந்தார், வேலை நடந்தது. மாதங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வாசகருக்கு என்றால் நான் சாதாரணப் பட்டைதான் போடுவேன்.

மொத்தத்தைக் காட்டினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சென்னை மாகாணம் முழுவதும் 1871இல் 3.12 கோடி, 1881இல் 3.08 கோடி. ஒன்றரை சதவீதம்கூடக் குறையவில்லை. எந்தக் கிராஃப் போட்டாலும் இது கிட்டத்தட்டப் படுக்கைக் கோடுதான். கிராஃப் வகையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலேயே, எந்த எல்லைக்குள் எண்ணுவது என்ற தேர்வு முடிந்துவிடுகிறது.

அந்த எல்லை விஷயம் மலையில் இன்றைக்கும் ஓயவில்லை. கல்வராயன் மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வரும் பெயர். சாமை, மரவள்ளி, கடுக்காய் என்று மலை வாழ்க்கை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பழங்குடியினர் 1.1 சதவீதம். இதைப் 'பை சார்ட்'டாக, அதாவது வட்டப்படமாகப் போட்டால், 360 டிகிரியில் 4 டிகிரி. அச்சில் ஒரு மயிரிழை. பெயர் எழுதக்கூட இடம் இருக்காது, அம்புக்குறி போட்டு வெளியே எழுத வேண்டும். அதே வட்டப்படத்தில் தமிழ்நாட்டின் பழங்குடியினரை மட்டும் முழு வட்டமாக எடுத்துக்கொள்ளுங்க: 7.95 லட்சத்தில் மலையாளிகள் 3.58 லட்சம், 45 சதவீதம். பாதி வட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரே துண்டு. வட்டப்படத்தைப் புள்ளியியல்காரர்கள் பலரும் திட்டுவார்கள். இரண்டு மூன்று துண்டு, அதில் ஒன்று பாதிக்கு அருகில் என்றால் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் படம் கிடையாது என்பது என் எண்ணம். வட்டப்படமும் பிளேஃபேர் கண்டுபிடித்ததுதான். 1801இல் வந்த புத்தகம், ஐரோப்பிய நாடுகளைப் பற்றியது. கடைசியில் இந்துஸ்தானத்தில் ஆட்சி செய்பவர்களையும் அதே முறையில் காட்டியிருப்பதாக அதன் தலைப்பிலேயே இருக்கும். தென்னாற்காடு கம்பெனி கைக்கு மாறிய அதே வருடம்.

எழுத்தறிவை எடுத்துக்கொண்டால் வட்டம் சுத்தமாக ஆகாது. 2011இல் தமிழ்நாடு முழுவதற்கும் 80 சதவீதம். கள்ளக்குறிச்சியை உள்ளே வைத்திருந்த விழுப்புரம் மாவட்டம் 72. தமிழ்நாட்டின் பழங்குடியினர் மட்டும் 54. இவை ஒன்றின் பங்குகள் கிடையாதே, தனித்தனி வீதங்கள். நிலப்படத்தில் நிறம் அடிக்கலாமா? பிரெஞ்சுக்காரர் சார்ல்ஸ் டூபான் 1826இல் எழுத்தறிவுக்காகத்தான் அப்படி ஒரு நிழல் அடித்த மேப்பை முதன்முதலில் வெளியிட்டார். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு நிறம் என்று அடித்தால், கச்சிராயபாளையத்துச் சமவெளியும் அதற்கு மேலே வெள்ளிமலையும் ஒரே நிறம். மலையின் சேலம் பக்கத்துக் கருமந்துறைக்கு வேறு நிறம். மலை என்று ஒன்று இருப்பதே மேப்பில் தெரியாது. ஒரே படுக்கைக் கோட்டில் 0 முதல் 100 வரை அளவு வைத்து, 54, 72, 80 என்று மூன்று புள்ளிகள் வைத்தால் போதும். கிராம வாரியான கணக்கு கையில் இருக்கிறவர்கள் ஒவ்வொரு மலைக் கிராமத்துக்கும் ஒரு சிறு புள்ளியை அதே கோட்டில் வைக்கலாம். சராசரி ஒரு பக்கம் இருக்க, கிராமங்கள் எங்கே கூட்டமாக நிற்கின்றன என்பது அப்படியே தெரியும்.

கடைசியாக, இந்தப் பகுதிக்குக் காலக்கோடு வரையப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என் சேலம், தென்னாற்காடு கோடுகளை 1901இல் நிறுத்தியதற்குக் காரணம், 1910, 1911 வாக்கில் இரண்டு ஜில்லாக்களிலிருந்தும் தாலுகாக்கள் கைமாறின. திருவண்ணாமலைகூட அதுவரை தென்னாற்காட்டில்தான் இருந்தது. பிறகு 1993இல் தென்னாற்காடு உடைந்து விழுப்புரம் தனியானது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. 2011இல் விழுப்புரத்தின் மக்கள்தொகை 34.59 லட்சம். அதில் இன்றைய கள்ளக்குறிச்சியின் பங்கு 13.70 லட்சம். அடுத்த கணக்கெடுப்பு 2027இல். விழுப்புரம் என்ற பெயரை மட்டும் பார்த்து யாராவது பழைய எண்ணையும் புது எண்ணையும் கோட்டால் சேர்த்தால், செங்குத்தான ஒரு சரிவு கிடைக்கும். எல்லைக் கோடு நகர்ந்ததற்கு மட்டுமே கிட்டத்தட்ட 40 சதவீதம், பிறகு கூடிய ஜனம் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். தாது வருஷத்துச் சேலம் விழுந்தது 19 சதவீதம்.

ஆகவே விழுப்புரத்தின் கோட்டை 2019இல் வெட்டிவிட வேண்டும். வெட்டிய இடத்தில் செங்குத்தாக ஒரு மெல்லிய கோடு, பக்கத்தில் 'கள்ளக்குறிச்சி பிரிந்தது' என்று இரண்டு வார்த்தை. 2011 எண்ணையும் புது எல்லைக்குள் 20.89 லட்சம் என்று மறுபடி கணக்கிட்டு, அங்கே ஒரு வெற்றுப் புள்ளி வைத்து, அதிலிருந்து புதுக் கோட்டைத் தொடங்கலாம்.